அணுவும் நனோவும்

ஆடிவேல் விழாக்காலத்திலே கொழும்புச் செட்டியார் தெருவினின்றும் புறப்படும் இரதம் காலிவீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலை வந்தடைதல் இந்நகரத்துச் சைவமக்கள் யாவரும் அறிந்ததே. வீதி இக்காலத்துத் தார் பூசப்பெற்றுக் கிடத்தலின் இரதம் உருளும்போது புழுதி பெரிதும் எழுவதில்லை. மண்வீதியிலே தேரோடிய காலத்திற் சில்லின்கீழ் அரைபட்டு எழுந்து, மாலைவெயிலில் மின்னி மறையும் அத்துகளையே நம் முன்னோர் ‘தேர்த்துகள்’ எனப் பெயரிட்டு, நீட்டலளவை வாய்பாட்டில் ஒரு படியாக வைத்தனர். தேர்த்துகளில் எட்டிலொன்று அணு. இவ்வணு என்னுஞ் சொல்லையும், இந்நாளிற் கடைத்தெரு முதற் கல்லூரி வரை வழங்கும் ‘நனோ’ என்னுஞ் சொல்லையும் பற்றிச் சைவப் பாடசாலை ஆசிரியர்களாகிய அன்பர்களோடு சிறிது அளவளாவ விரும்புகின்றோம். இதில் நாம் செய்த பிழையொன்றும் அடங்கியுள்ளது. அதனை மறைத்து எழுதுதல் எடுத்த பொருளுக்கே மாறாகும்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிவோம். நாம் பயின்றது கிறித்தவ மிஷன் பாடசாலையொன்றில். அங்கே வேதாகமம் கற்பித்த பாதிரியார் கிரேக்கச் சொற்களின் வேரை எடுத்துக் காட்டுவதிற் பெருவிருப்பினர். ஆங்கிலத்தார் அணுவுக்கு இட்டு வழங்கும் பெயர் கிரேக்க மொழியில் ‘வெட்டப்படாதது’ எனப் பொருள்படும் என்பதை அவரிடமே கேட்டறிந்தோம். வெட்டப்படாதது என்று பெயர்பெற்ற அப்பொருளினுள்ளே 1897 ஆம் ஆண்டில் இலத்திரனும், 1911 ஆம் ஆண்டிற் கருவும் கண்டறியப்பட்டன; பெயர் மாத்திரம் பழையபடியே நின்றது. நனோ என்பதும் கிரேக்க வேரினதே. அதன் பொருள் குள்ளன் என்பது. தமிழிற் குறள் எனினும் குறளன் எனினும் அஃதே. 1960 ஆம் ஆண்டிற் கூடிய நிறை அளவைகளின் பொதுமாநாடு அச்சொல்லை ‘நூறு கோடியில் ஒரு பங்கு’ என்னும் பொருளில் அளவைப் பெயர்களுக்கு முன்னொட்டாக வகுத்தது. நனோமீற்றர் என்றால் மீற்றரை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒன்று. மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் ஒன்று எனினும் ஒக்கும்.

தமிழகத்தார் இதனை ‘நானோ’ என நீட்டி எழுதுவர். நம் நாட்டில் ‘நனோ’ என்பதே பெருவழக்கு. நீட்டி எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கரும்பலகையில் அவ்வாறு எழுதியபோது கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், தன்னையே அழைத்தோம் என்று கருதி, “நானோ ஐயா?” என்று எழுந்து நின்றான். வகுப்பு முழுவதும் நகைத்தது, நாமும் நகைத்தோம். ‘நான்’ என்னும் உணர்வுக்கும் அணு என்னும் சொல்லுக்கும் நம் சமயத்திலே தொடர்பு உண்டாகலின் அந்நகைப்பு நமக்கு வீணாகவில்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நனோ என்பது ஒரு பொருளுமன்று, ஓர் ஆற்றலுமன்று. அது ஒரு பின்னம். பழைய எண்சுவடியில் முந்திரி என்பது 320 இல் ஒரு பங்கு. ஒருவன் வந்து ‘முந்திரி தருக’ என்றால், எதில் முந்திரி, பொன்னிலோ நிலத்திலோ நெல்லிலோ என்று வினவுதல் முறை. அங்ஙனமே நனோ என்று ஒருவர் கூறினால், எதில் நனோ, எதனை அளந்தீர், எதனால் அளந்தீர் என்னும் வினாக்கள் உடனே எழவேண்டும். எழுவதில்லை. இந்தியாவில் 2008 ஆம் ஆண்டு அப்பெயரோடு ஒரு சிற்றுந்து அறிமுகமாயிற்று. 2018 ஆம் ஆண்டளவில் அதன் உற்பத்தி நின்றுபோயினும், கொழும்பு வீதிகளில் வாடகை வண்டியாக அது ஓடியதைக் கண்டவர் பலர். அவ்வண்டியின் நீளம் ஏறத்தாழ 310 கோடி நனோமீற்றர்! விளையாட்டுப் பெயராகலின் அதனாற் கேடில்லை. முகப்பூச்சும் துணிச்சவர்க்காரமும் நீர்வடியும் அப்பெயரைச் சூடிக்கொண்டு வருதலே சிந்திக்கத்தக்கது.

விஞ்ஞானிகள் 1 முதல் 100 நனோமீற்றர் வரையுள்ள எல்லையைத் தனியே பிரித்துப் பேசுவதற்குத் தக்க காரணமுண்டு. அவ்வெல்லையிற் பொருளின் அளவு குறைவதோடு அதன் குணமும் வேறுபடுகின்றது. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுடைய கனசதுரம் ஒன்றை எண்ணிக்கொள்க. அதன் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர், உள்ளங்கையிலும் சிறிது. அதனையே ஒரு நனோமீற்றர்ப் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கிவிட்டால் எல்லாவற்றின் மேற்பரப்பும் சேர்ந்து 6,000 சதுர மீற்றர் ஆகும். அஃதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். பொருள் கூடவில்லை, குறையவுமில்லை. புறத்தே நிற்கும் அணுக்களின் தொகை மாத்திரம் பெருகிற்று. வினைபுரிவது பெரும்பாலும் புறத்தேயாகலின் வினையும் பெருகுகின்றது. பொன்னை மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரிற் கலந்தால் அது பொன்னிறம் இழந்து செந்நிறங் காட்டும். மைக்கேல் பரடே என்னும் விஞ்ஞானி 1857 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். நனோ என்னும் பெயர் இத்துறைக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிகழ்ந்தது இது. சொல் பின்னே வந்தது. அளத்தலும் ஆய்தலும் முன்னே வந்தன. இம்முறை தலைகீழாகி, அளவாமலே சொல் முன்னே ஓடுதல்தான் நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட குற்றம்.

இனி நம் பிழையைக் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோயில் மண்டபத்திலே ‘சைவமும் விஞ்ஞானமும்’ என்னும் பொருள்பற்றிப் பேசும்படி நம்மை அழைத்தனர். நாம் ஒரு வாய்பாட்டை எடுத்துக்கொண்டோம். அன்பர் பலரும் அதனைக் கேட்டிருப்பர். எட்டு அணு ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. அவ்வாறே எட்டெட்டாக ஏறி, மயிர், நுண்மணல், சிறுகடுகு, எள், நெல் என்று சென்று, எட்டு நெல் ஒரு விரல் என முடியும். அணுவிலிருந்து விரல் வரை எட்டுப் படிகள். எட்டை எட்டு முறை பெருக்கினால் 16,777,216 வரும். விரலகலம் 19 மில்லிமீற்றர் என்று கொண்டு அவ்வெண்ணால் வகுத்தால், அணுவின் அளவு 1.13 நனோமீற்றர் ஆகின்றது. “மேனாட்டார் 1960 ஆம் ஆண்டில் வகுத்த நனோமீற்றரை நம் முன்னோர் பனையோலையில் எழுதிவைத்துவிட்டனர்!” என்று நாம் முழங்கினோம். மண்டபம் கையொலியால் அதிர்ந்தது. பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்து நமக்குப் பொன்னாடை போர்த்தினார். அன்றிரவு நாம் பெருமிதத்தோடு உறங்கினோம் என்பதையும் மறைத்தற்கில்லை.

அடுத்த வாரம் வகுப்பிலே அதே கணக்கை மாணவருக்கும் செய்து காட்டினோம். கணக்கு முடிந்ததும் மாணவியொருத்தி எழுந்து, “ஐயா, அந்த வாய்பாட்டின்படி ஒரு மயிரின் கனம் எவ்வளவு?” என்று கேட்டாள். வினாவிலே எவ்விதக் குறும்பும் இல்லை. அறியவேண்டும் என்னும் அவாவே இருந்தது. கரும்பலகையிலேயே கணித்தோம். விரலினின்றும் மயிர் ஐந்து படி கீழே உள்ளது. 19 மில்லிமீற்றரை 32,768 ஆல் வகுத்தால் 0.00058 மில்லிமீற்றர். பிள்ளைகள் ஆய்வுகூடத்திலிருந்து திருகுக் கணிச்சியைக் கொண்டுவந்து, அம்மாணவியின் கூந்தலினின்றும் ஒரு மயிரை எடுத்து அளந்தனர். 0.07 மில்லிமீற்றர். வாய்பாட்டு மயிரினும் உண்மை மயிர் நூற்றிருபது மடங்கு பருத்திருந்தது.

பிறகு சிறுகடுகைப் பார்த்தோம். வாய்பாட்டின்படி அது 0.037 மில்லிமீற்றர், கடையிற் பெறுங் கடுகோ ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவதில்லை. கையிலே எடுத்து எண்ணக்கூடிய கடுகிலும், கண்ணாற் காணக்கூடிய மயிரிலும் பிழைக்கும் ஒரு வாய்பாடு, காணவே இயலாத அணுவில் மாத்திரம் நூலிழை பிசகாது நின்றதென்றால், அதன் பெயர் தற்செயல் என்பதன்றி வேறென்னை? ஏணியின் நடுப்படிகள் முறிந்து கிடக்க, அடிப்படியில் நிற்கின்றோம் என்று மார்தட்டினோம் நாம்.

உடனாசிரியர் ஒருவர் நம்மைத் தேற்றுவான் புகுந்து, எள்ளைக் கனத்தின்வழி அடுக்கி, நெல்லை நீளத்தின்வழி கிடத்தினால் எட்டெள் ஒரு நெல்லாகும் என்று காட்டினார். உண்மையே, அவர் மேசைமேல் அடுக்கியும் காட்டினார். ஆயின் அவ்வாறு நீளவாட்டிற் கிடத்திய நெல் எட்டு ஒரு விரலகலத்தில் அடங்குமோ? அஃது ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர் நீளும். ஒரு படிக்குக் கனமும் மறுபடிக்கு நீளமும் வேறொன்றுக்கு அகலமுமாகத் தெரிந்தெடுத்தால் எந்த வாய்பாட்டையும் மெய்ப்பித்துவிடலாம் அன்றோ?

இன்னுமொன்று. வாய்பாடு ஒன்றே என்றும் நினைத்தல் வேண்டா. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையில் வரும் அளவு அணு, தேர்த்துகள், இம்மி, எள், நெல், விரல் என ஐந்தே படியாக ஏறும். கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் பரமாணு, தேர்ச்சில்லின் துகள், ஈர், பேன், யவம், விரல் என ஐந்தே படி. ஐந்து படிக்கு அணு 580 நனோமீற்றர். எட்டுப் படிக்கு ஒன்று. இரண்டிற்கும் இடையே 512 மடங்கு வேறுபாடு. ஒரு வாய்பாட்டின் மயிரும் மற்றதன் அணுவும் அளவில் ஒன்றேயாய் நிற்கின்றன. இவ்விரண்டனுள் முன்னோர் ‘கண்டறிந்தது’ எது? நமக்கு வாய்ப்பான ஒன்றை மேடையேற்றி, மற்றதைப் பெட்டியிற் பூட்டிவைத்தல் நீதிமன்றிற் பொய்ச்சான்று கூறுவோன் செய்யுஞ் செயலை ஒக்கும்.

அங்ஙனமாயின் முன்னோர் அணுவென்று பேசியதெல்லாம் வீணோ எனின், அன்று. அவர் எடுத்த வினா வேறு. வைசேடிகர், பொருளைப் பகுத்துக்கொண்டே போனால் முடிவுண்டோ இல்லையோ என்று வினவினர். முடிவில்லையாயின் மேருமலையும் கடுகும் அளவற்ற பகுதிகளை உடையனவாய் ஒத்துவிடும். ஆகலின் பகுக்கப்படாத பரமாணு உண்டு என்பது அவர் துணிபு. சாளரத்து வெயிலில் மிதக்குந் துகளின் ஆறிலொரு கூறே பரமாணு என்றும் வகுத்தனர். கண்ணுக்குப் புலனாகும் துகளின் ஆறிலொன்று இன்றைய அணுவினும் பன்மடங்கு பெரியது என்பதை நாம் அறிவோம். அதனால் அவர்தம் தருக்கத்தின் கூர்மை மழுங்கிவிடாது. அளவுகோலின்றி அறிவொன்றையே கொண்டு அவ்வினாவை எழுப்பியதே அவர்க்குப் பெருமை. நாமோ அவர் எழுப்பிய வினாவை மறந்து, அவர் கூறாத விடையை அவர் வாயிற் புகட்டுகின்றோம்.

சைவ ஆசிரியர் ஊன்றி நோக்கவேண்டுவது பிறிதொன்றும் உளது. பரமாணுவே உலகத்துக்கு முதற்காரணம் என்னுங் கொள்கையைச் சைவசித்தாந்தம் ஏற்பதில்லை. மாயையே முதற்காரணம் என்பது நம் நூற்றுணிபு. மேனாட்டு அணுக்கொள்கையை ‘இது எங்கள் சைவம் கூறியதே’ என்று உரிமை பாராட்டுவோர், தம் சித்தாந்தத்தையே அறியாமல் எதிரணியிற் போய் நிற்கின்றனர். ஆகமங்களிலும் சித்தாந்த நூல்களிலும் அணு என்பது பெரும்பாலும் ஆன்மாவைக் குறிக்கும். ஆன்மா இயல்பில் வியாபகமுடையது. அதனை அணுத்தன்மைப்படுத்திச் சுருக்கி வைத்தலின் மூலமலத்துக்கு ஆணவம் என்று பெயராயிற்று. இவ்விடத்து அணு என்பது நீட்டலளவையன்று. மில்லிமீற்றராலோ நனோமீற்றராலோ அதனை அளத்தல், ‘கடுஞ்சொல்’ என்பதைக் கேட்டு அதன் கடுமை எத்தனை பாகை என்று வெப்பமானியைத் தேடுவது போலும். நடராசப் பெருமான் திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகன் குறள்வடிவினன். அவனை ஆணவமலத்தின் குறியாகக் கொள்வர். நனோவுக்கும் குள்ளன் என்பதே பொருள். “நானோ ஐயா?” என்ற மாணவனை நாம் மறவாமைக்குக் காரணம் இதுவே. இதனையும் நாம் சொல்லொப்புமையாகவே கூறுகின்றோம். கிரேக்கர் முயலகனை அறிந்து பெயரிட்டனர் என்று அடுத்த மேடையில் யாரேனும் முழங்கிவிடுவரோ என்று அஞ்சுகின்றோம்!

அச்சத்துக்கு இடமில்லாமலில்லை. திருவள்ளுவமாலையிற் குறளின் சுருக்கத்தை வியந்து, இடைக்காடர் பெயரால் வழங்கும் பாட்டுக் கடுகையும், ஔவையார் பெயரால் வழங்கும் பாட்டு அணுவையும் உவமையாக்கின. அதனைக் கொண்டு ஔவையார் அணுப்பிளவை அறிந்தார் என்பாருளர். அவ்வாறாயின் இடைக்காடர் கடுகுப்பிளவை அறிந்தார் எனல் வேண்டும். ஜெனீவா நகரத்துச் சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தியா அளித்த நடராச வடிவம் 2004 ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. அதனைக் காட்டி விஞ்ஞானிகள் சைவத்தை மெய்ப்பித்துவிட்டனர் என்பாரும் உளர். அது நட்புப்பற்றி அளித்த பரிசு. அங்கு ஆய்வோர் அதனை வலம்வந்து ஆய்வு தொடங்குவதில்லை.

“இதனால் யாருக்கு என்ன கேடு? பிள்ளைகளுக்குத் தம் முன்னோர்மேற் பெருமிதம் வளரட்டுமே” என்று அன்பர் சிலர் நம்மிடம் கூறினர். இவ்வுரை எளிதில் தள்ளத்தக்கதன்று. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம், நம் முன்னோர் ஒன்றும் அறியாதார் என்னும் குறிப்புரைகளைக் கேட்டே வளர்ந்தோம். அம்மனப்புண்ணே அன்று மேடையில் நம்மை முழங்கச் செய்தது. ஆயினும் பெருமிதத்துக்கு மெய்யான இடங்கள் இல்லாமற் போயினவோ? தமிழகத்துக் கீழடியில் அகழ்ந்தெடுத்த, கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்த மட்கலவோடுகளின் கரும்பூச்சில் கரியின் நனோக்குழாய்கள் காணப்படுவதாக 2020 ஆம் ஆண்டில் வேலூர் ஆய்வாளர் ஓர் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டனர். விஞ்ஞான உலகம் அக்குழாய்களைப் பரவலாக அறிந்ததோ 1991 ஆம் ஆண்டில். கீழடிக் குயவர் நனோவை அறிந்தார் என்று கூறினால் அது பொய். இருபது நூற்றாண்டுக்கு மேலும் மண்ணுட் கிடந்து உதிராத பூச்சொன்றைச் சூளையில் வைத்துச் சுடும் பதத்தை அறிந்தார் என்று கூறினால் அது மெய். அதுவே அவர்க்கு முழுப்பெருமை. அவர் தாம் அறிந்ததற்காகப் புகழப்படுக. மயிரளவிற் பிழைத்த வாய்பாட்டை நம்பிப் பெருமிதங் கொண்ட பிள்ளை, ஒருநாள் கணிச்சியைக் கையில் எடுப்பான். அன்று அவன் எறிவது வாய்பாட்டை மாத்திரமோ? அதனைக் கற்பித்த ஆசிரியரையும், அவர் கற்பித்த தேவாரத்தையும் ஒருங்கே எறிந்துவிடுவான்.

கேடு மேடையோடு நிற்பதுமில்லை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. பெரும்போகம் நெருங்கியபோது யூரியாவின்றி வேளாளர் திகைத்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் இந்தியாவினின்றும் ‘நனோ நைதரசன்’ என்னும் திரவ உரம் விமானத்திற் கொண்டுவரப்பட்டது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று யூரியா மூடையொன்றுக்கு ஈடாகும் என்பது உற்பத்தியாளர் கூற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க கணக்கொன்று இதில் உண்டு. 45 கிலோகிராம் யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. அஃதாவது 20 கிலோகிராமுக்குச் சிறிது மேல். அன்று வந்த போத்தலில் நைதரசன் நூற்றுக்கு 4 பங்கு. அஃதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒன்று! இலைமேல் தெளித்தலால் வீணாகாமற் பயிருக்குச் சேரும் என்று உற்பத்தியாளர் காரணங் கூறினர். எத்துணைச் சேர்ந்தாலும் போத்தலில் இல்லாத நைதரசன் நெல்மணியில் எங்ஙனம் வரும் என்று டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் 2023 ஆம் ஆண்டில் வினவி எழுதினர். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் ஈராண்டு வயலிற் சோதித்து, வழக்கமான நைதரசனைக் குறைத்து அதனைத் தெளித்த இடத்தில் நெல்லும் கோதுமையும் விளைச்சல் குறைந்தன என்று கண்டனர்.

இதனை அத்துறை முழுவதும் பொய் என்று எடுத்துக்கொள்ளலாகாது. 2008 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, ஹோமாகமையிலே இயங்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர், எலும்பில் உள்ளதை ஒத்த கல்சியப் பொசுபேற்றின் நனோத்துணிக்கைகளில் யூரியாவை ஒட்டச்செய்து, அது மெல்ல மெல்ல வெளிவருமாறு அமைத்து, 2017 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல்விளைவு குன்றவில்லை என்பது அவர் கூற்று. ஒருவர் ‘பாதி’ என்கின்றார். மற்றவர் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்கின்றார். இருவர் பொருளின்மேலும் ஒட்டியிருப்பது நனோ என்னும் ஒரே சொல். அவ்விரண்டையும் வேறு பிரித்து அறிதற்கு அச்சொல் சிறிதும் உதவாது. எவ்வளவு என்னும் வினாவே உதவும். வேளாளன் அவ்வினாவைக் கேளாமற் போனதற்கு, அவனுக்கு எழுத்தறிவித்த நம்மினத்தாரும் பங்காளிகளே. கேட்டவுடன் வியந்து கைதட்டும் பழக்கத்தை வகுப்பறையிலும் மண்டபத்திலும் நாமே ஊட்டிவைத்தோம்.

சொல்லாக்கம் பற்றியும் ஒரு சொல். விபுலாநந்த அடிகள் 1936 ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் வகுக்கும் பணிக்கு வழிகாட்டினார். நனோவுக்கு மீநுண், நுண் முதலிய பெயர்களைச் சிலர் இடுகின்றனர். இனிய தமிழே. ஆயினும் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் எண்ணை அவை இழந்துவிடுகின்றன. மிகச் சிறியது என்னும் வியப்பு மாத்திரம் எஞ்சுகின்றது. ஆகலின் அளவை கூறுமிடத்து நனோமீற்றர் என்றே எழுதுமாறு மாணவர்க்குக் கூறுகின்றோம். அணு என்னுஞ் சொல் விஞ்ஞானத்தில் ஒரு பொருளும், சித்தாந்தத்தில் ஒரு பொருளும், அளவை வாய்பாட்டில் ஒரு பொருளுமாக மூவிடத்தும் நிற்றலை, ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவர்க்கு விளக்கியே ஆதல் வேண்டும். விளக்காவிடிற் பரீட்சைத் தாளில் ஆன்மாவுக்கு இலத்திரன் முளைத்துவிடும், நாம் கண்டிருக்கின்றோம்.

நம் பிழையை நாம் உடனே திருத்தினோம் என்று அன்பர் எண்ணற்க. மாணவி வினவிய நாளுக்கும், அதே மண்டபத்தில் எழுந்துநின்று ‘அன்று கூறியது பிழை’ என்று நாம் கூறிய நாளுக்கும் இடையே ஏழு மாதங்கள் கழிந்தன. ஒவ்வொரு வெள்ளியும் அக்கோயிலுக்குச் சென்றுவந்தோம், பொன்னாடை போர்த்த பெரியவரைக் கண்டு கைகூப்பினோம், வாய்திறக்க நாணினோம். திருத்திக் கூறியபோது கையொலி எழவில்லை. கூட்டம் கலைந்தபின் அப்பெரியவர் அருகே வந்து சிறிதுநேரம் மௌனமாக நின்று, “அது போகட்டும் வாத்தியார், மெய்யாகவே தேர்த்துகள் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார். நமக்கு விடை தெரிந்திலது.

அடுத்த ஆடிவேலின்போது மாணவர் இருவர் பசைதடவிய கண்ணாடித் தகடுகளைக் காலிவீதி ஓரத்திற் பிடித்துநின்றனர். இரதம் கடந்தபின் அவற்றைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தோம். மணற்பொடியும், கரியும், சில்லின் இறப்பர்த் துகளும், விபூதியும் கலந்து கிடந்தன. மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு முதற் பத்தில் ஒரு பங்கு வரை பல அளவின. எட்டுப்படி வாய்பாட்டின் தேர்த்துகளோ ஒன்பது நனோமீற்றர். அவ்வளவினதை அக்கருவியாற் காணவே இயலாது. ஆயின் அடியார்க்குநல்லாரின் ஐந்துபடிக் கணக்கிலே தேர்த்துகள் 0.0046 மில்லிமீற்றர் ஆகும். தகட்டிலே அவ்வளவினவான துகள்கள் மெய்யாகவே நிறைந்திருந்தன. ஒரு கணம் நம் நெஞ்சு துள்ளியது. அடுத்த மேடையில் இதனைக் கூறினால் எவ்வளவு சிறப்பாயிருக்கும் என்று வாக்கியங்கள் தாமே அமையத் தொடங்கின. அம்மாணவி அப்போது பாடசாலையை விட்டுப் போயிருந்தாள். அவள் இருந்தால் அதே வாய்பாட்டில் எள்ளின் அளவு என்னவென்று கேட்டிருப்பாள். கணித்துப் பார்த்தோம். 0.3 மில்லிமீற்றர் வந்தது. மேசையறையைத் திறந்து, முன்னர் அளந்து வைத்திருந்த எள்மணிகளை எடுத்துப் பெரியவரிடம் காட்டுவதற்காகத் தாளில் மடித்துக்கொண்டோம்.